மலையேறும் சைக்கிளுக்கு எத்தனை பல் வேண்டும்?

சென்னீர்குப்பத்தில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை மிதித்தாலும் ஒரு மலைகூடக் கண்ணில் படாது. ஆனால் பூந்தமல்லியைத் தொட்டுப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், வாணியம்பாடி என்று மேற்கே போனால் ஏலகிரி வந்துவிடும். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளில் அந்த மலையை ஏற முடியுமா? பற்களை எண்ணினால் தெரிந்துவிடும்.

கியர் இல்லாத பெரிய சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெடலோடு சுற்றும் முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வையுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் செயின் 44 பல் தூரம் நகரும். அதற்குள் பின்சக்கரம் 44 ÷ 18, அதாவது சுமார் 2.44 சுற்று சுற்றிவிடும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், ஒரே மிதிச்சுற்றில் 5.4 மீட்டர் முன்னே போயிருப்பீர்கள். சமதரைக்கு அருமையான அளவு இது. நம் பக்கத்து அம்பத்தூரில்தான் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கியது. ஹெர்குலஸ், பிஎஸ்ஏ சைக்கிள்கள் அங்கிருந்து நாடெங்கும் போயின. கியரே இல்லாத சைக்கிளில்தான் நம் தாத்தாக்கள் இந்தச் சமவெளியில் வேலைக்குப் போய்வந்தார்கள்.

இப்போது மலைக்கு வருவோம். 100 மீட்டர் போவதற்குள் 7 மீட்டர் உயரும் சாலை. நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 60 கிலோ. அந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு, அதாவது 4.2 கிலோ, உங்களை விடாமல் பின்னால் இழுக்கும். உங்கள் பாதமோ ஒரு சுற்றில் ஏறக்குறைய 1 மீட்டர்தான் நகர்கிறது. பாதம் 1 மீட்டர் நகர, சைக்கிள் 5.4 மீட்டர் ஏறவேண்டும். அப்படியானால் 5.4 × 4.2, கிட்டத்தட்ட 23 கிலோ விசையோடு மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுவும் சராசரிதான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது மிதி வீணாவதால், நடுவில் இன்னும் அழுத்த வேண்டும்.

முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியர் சைக்கிளில் என்ன ஆகும்? பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. அந்தச் சைக்கிளின் சக்கரம் சற்றே சிறியது என்பதால் 2.1 மீட்டர். விசை 2.1 × 4.2, சுமார் 9 கிலோ. கால் பிழைத்தது!

இதில் இலவசம் எதுவும் இல்லை. 1 கிலோமீட்டர் ஏற முதல் சைக்கிளில் 185 சுற்று போதும். இரண்டாவதில் 476 சுற்று வேண்டும். 185-ஐ 23-ஆலும், 476-ஐ 9-ஆலும் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். உழைப்பைக் கியர் குறைக்காது. சின்னச் சின்ன மிதிகளாகப் பிரித்துக் கொடுக்கும். மூட்டுக்கும் தசைக்கும் அதுவே பெரிய உதவி.

இந்த உதவியைக்கூட ஒரு காலத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஓடும்போதே கியர் மாற்றும் கருவிக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். மறுபுறம் வேறு அளவுப் பற்சக்கரம் இருக்கும்.

சைக்கிள் வாங்கும்போது 7 கியரா 21 கியரா என்று பலரும் கேட்கிறார்கள். மலைக்கு அந்த எண்ணிக்கை முக்கியமில்லை. முன்னால் உள்ள மிகச் சிறிய பற்சக்கரத்தையும் பின்னால் உள்ள மிகப் பெரியதையும் பாருங்கள். முன்னால் 44, பின்னால் அதிகபட்சம் 28 என்றால், 7 கியர் இருந்தும் விகிதம் 1.57-க்குக் கீழே இறங்காது. காலையில் உற்சாகமாக இருக்கும் காலை நினைத்துக் கியரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதின்மூன்றாவது வளைவில் களைத்துப்போயிருக்கும் காலுக்காகத் தேர்ந்தெடுங்கள். வேகக் கியரைப் பற்றிக் கவலையே வேண்டாம். இறக்கத்தில் புவியீர்ப்பு உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், அங்கே நல்ல பிரேக்கும் ஹெல்மெட்டும்தான் தேவை.

இன்னொன்று: ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுங்கள். முழு பலத்தோடு மிதிக்கும்போது செயின் இறுகி நிற்கும். ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் சிரமப்படும்.

இன்றே உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணுங்கள். சக்கரம் நின்றிருக்கும்போது மட்டும் கை வையுங்கள். தொடங்கும் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன் சிறியதைப் பின் பெரியதால் வகுத்து 1-ஐ ஒட்டி வந்தால், பெரியவர்கள் துணையோடு ஏலகிரி ஏற அந்தச் சைக்கிள் ஏற்றது. 1.5-ஐத் தாண்டினால், புறப்படும் முன்பே சைக்கிள் கடை அண்ணனிடம் சொல்லிப் பின்னால் பெரிய பற்சக்கரம் போட முடியுமா என்று கேளுங்கள்.