ஹாவோட்: வேல்ஸ் நாட்டின் மறைந்த மாளிகை

முற்காலத்தில் வேல்ஸ் நாட்டு மலைக்குடிகளுக்கு ஈரிடங்களில் வீடு உண்டு. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலுள்ள வீட்டில் தங்குவர். அதன் பெயர் ஹென்ட்ரே. கோடையில் கால்நடைகளுடன் மலைமேல் சென்று குடிலில் வாழ்வர். அதன் பெயர் ஹாவோட். ஊர்விட்டு வந்து இருவீடு காக்கும் நேயர்களுக்கு இவ்வேறுபாட்டை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோடைக் குடில் எனும் பொருளுடைய அப்பெயரையே தாங்கி, மேற்கு வேல்ஸில் இஸ்ட்வித் ஆற்றின் கரையோரம் ஒரு பெருமாளிகை நின்றது. இன்று அஃது இல்லை.

அதனைக் கட்டியவர் தாமஸ் ஜோன்ஸ் (1748–1816). செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1780களில் அவர் அங்கே குடியேறியபொழுது மலைச்சரிவுகள் பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தன. பாத் நகரத்துக் கட்டடக் கலைஞர் தாமஸ் பால்ட்வின் கோதிக் பாணியில் மாளிகையை எழுப்பினார். பின்னர் ஜான் நாஷ் என்பார் எண்கோண வடிவில் ஒரு நூலகத்தைச் சேர்த்தார்.

ஜோன்ஸின் பெருவிருப்பம் மரம் வளர்த்தல். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மரங்களை நடுவித்தார். அவற்றுள் லார்ச் எனும் ஊசியிலை மரமே மிகுதி. லண்டனிலிருந்த கலைச் சங்கம் இதற்காகத் தங்கப் பதக்கங்கள் வழங்கிற்று. உழவு முறைகளைத் திருத்தும் பொருட்டு 1800இல் தம் குத்தகைக் குடிகளுக்கு ஓர் அறிவுரை நூலும் வெளியிட்டார். குடிகளோ வெல்ஷ் மொழியினர். ஆகவே வில்லியம் ஓவன் பியூ எனும் அறிஞர் அதனை வெல்ஷ் மொழியில் பெயர்த்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பதக்கங்களினும் இச்செய்தியே பெரிதாகப் படுகிறது. எனினும், இத்தனை ஆடம்பரத்துக்கும் அக்குடிகள் கட்டிய குத்தகைப் பணமும் துணைநின்றது என்பதை மறத்தலாகாது. அதுவும் போதாமல் கடன் ஏறிக்கொண்டே போயிற்று.

ஜோன்ஸும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. இடைக்காலப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் புருவாசாரின் பெருநூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதனை அச்சிடுவதற்கென்றே 1803இல் அம்மலைநாட்டில் சொந்த அச்சகம் நிறுவினார். அச்சுத்தாளும் மையும் கரடுமுரடான மலைப்பாதையில் ஏறி வரவேண்டிய இடம் அது!

1807ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் மாளிகை தீப்பற்றியது. மனைவியும் மகளும் உயிர் தப்பினர். நூலகம் தப்பவில்லை. அரிய நூல்களுடன், வேறெங்கும் படியில்லாத பழைய வெல்ஷ் ஏடுகளும் சாம்பலாயின. மாளிகையை மீண்டும் கட்டலாம், கட்டவும் செய்தார். எரிந்த ஏட்டை யார் மீண்டும் எழுதுவது? அச்சகம் தள்ளி இருந்தமையால் பிழைத்தது. 1809இல் மான்ஸ்டிரலே எனும் மற்றொரு பிரெஞ்சு ஆசிரியரின் வரலாறும் அதிலிருந்து வெளிவந்தது.

செடிகொடிகளில் பேரார்வம் கொண்டிருந்த ஒரே மகள் மாரியாம்னி 1811இல் இறந்தாள். அவளுக்கு அப்பொழுது வயது 27. தந்தை அதன்பின் ஐந்தாண்டே வாழ்ந்தார். கடனில் மூழ்கிய பண்ணை நெடுங்காலம் நீதிமன்றப் பொறுப்பில் கிடந்து, 1830களில் நியூகாசில் கோமகனிடம் சென்றது. அடுத்து வந்த உடைமையாளர் ஒருவர் இத்தாலியப் பாணியில் ஒரு புதுப் பகுதியை இணைத்தார். பின்னர்க் கைமாறிக் கைமாறி, மரத்துக்காகவே நிலம் விலைபோயிற்று. ஆளற்றுப் பாழடைந்த மாளிகையை 1958இல் வெடிவைத்துத் தகர்த்தனர்.

இன்று அவ்விடத்தில் இருப்பது கற்குவியல். ஜோன்ஸ் வகுத்த நடைபாதைகளோ 1994இல் தோன்றிய ஓர் அறக்கட்டளையின் முயற்சியால் மீண்டும் திறக்கப்பெற்றன. அருவிகளின் ஓரமாக எவரும் நடந்து செல்லலாம். அருகிலுள்ள தேவாலயத்தில் மாரியாம்னிக்கெனச் சிற்பி சான்ட்ரி செதுக்கிய பளிங்கு நினைவுச்சின்னம் இருந்தது. 1932இல் அத்தேவாலயமும் எரிந்தது. கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள், வெப்பத்தில் வெடித்துச் சிதறிய பளிங்குத் துண்டுகளை எறிந்துவிடாமல் உள்ளேயே வைத்திருக்கின்றனர்.