சமூக விரோத ஆளுமைக் கோளாறும் ஆயர் பணியும்

பொய், களவு, வன்முறை ஆகியவற்றில் ஈடுபடுவோர் அனைவரும் மனநோயாளர் அல்லர். பிறர் உரிமையை மீறுவதும் அதற்காக வருந்தாதிருப்பதும் ஒருவரது வாழ்க்கை முறையாகவே நிலைத்துவிடும்போதுதான் மருத்துவர் அதனைச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்பர். (கூட்டத்தை விட்டு ஒதுங்கும் கூச்ச சுபாவத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.) 18 வயதிற்கு முன் எவருக்கும் இப்பெயரைச் சூட்டலாகாது, 15 வயதிற்கு முன்பே நடத்தைக் கோளாறு தோன்றியதற்குச் சான்றும் வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் வரையறை.

செயின்ட் லூயிஸ் நகரின் குழந்தைகள் மனநல நிலையத்திற்கு அழைத்து வரப்பட்ட 524 சிறுவரைச் சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டறிந்து, லீ ராபின்ஸ் அம்மையார் 1966இல் நூலொன்று வெளியிட்டார். இக்கோளாறுடைய பெரியோர் ஏறக்குறைய அனைவரும் சிறுவயதிலேயே அதன் அடையாளங்களைக் காட்டியவர்கள். ஆயினும் அத்தகைய சிறுவருள் பெரும்பாலோர் வளர்ந்தபின் அந்நிலையை அடையவில்லை. இவ்விரண்டாம் உண்மையை நாம் எளிதில் மறக்கிறோம். ஞாயிறு பள்ளியில் தொல்லை தரும் சிறுவனை ‘உருப்படமாட்டான்’ என ஒதுக்குவதற்கு நமக்கு ஆதாரமேதுமில்லை.

தடுப்புப் பணி பிறப்பிற்கு முன்னரே தொடங்கலாம். நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய ஆய்வில், முதற்பிள்ளையைக் கருவுற்ற 400 பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் இல்லங்களுக்குச் செவிலியர் கர்ப்ப காலமுதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை சென்றுவந்து, தாயின் உடல்நலத்தையும் குழந்தை வளர்ப்பையும் கவனித்தனர். அப்பிள்ளைகள் 15 வயதை எட்டியபோது, மற்றவரைவிடக் குறைவாகவே கைது செய்யப்பட்டிருந்தனர் என 1998இல் வெளியான அறிக்கை கூறிற்று. வறிய, மணமாகாத தாயாரின் பிள்ளைகளிடம் இப்பயன் மிகுதியாய்த் தெரிந்தது. 19 வயதளவில் அது பெரும்பாலும் பெண்பிள்ளைகளிடமே எஞ்சியது.

பெரியவர்களைப் பொறுத்தவரை நிலைமை கடினமானது. இக்கோளாறுக்கென வழக்கமாக மருந்து வழங்க வேண்டா என 2009இல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் குழுப்பயிற்சியை அவை பரிந்துரைக்கின்றன. குடிப்பழக்கமோ மனச்சோர்வோ உடனிருப்பின் அவற்றுக்கு உரிய சிகிச்சை அவசியம்.

ஆயர்களாகிய நாம் இடறும் இடம் வேறு. கணவன் கண்ணீர் விட்டவுடன் அதனை மனந்திரும்புதல் எனக் கொண்டு, ‘மன்னித்து ஏற்றுக்கொள் அம்மா’ என்று அடிபட்ட மனைவியை அனுப்பிவிடுகிறோம். கண்ணீர் இக்கோளாறு உடையோர்க்கு எளிதில் வரக்கூடும். மன்னிப்பது வேறு, ஒரே கூரையின்கீழ் வாழ்வது வேறு. கணவன் சிகிச்சைக்குத் தவறாது செல்கின்றானா, குடியை விட்டு எத்தனை மாதமாயிற்று, இரவில் ஆபத்து நேரின் அவளும் பிள்ளைகளும் எவர் வீட்டிற்குச் செல்வர் என்பனவற்றை, கணவன் உடனில்லாதபோது அவளிடமே நாம் கேட்டறிதல் வேண்டும்.