காற்றுக்கு முன்பே ஏற வேண்டும்

கோவையை ஒட்டிய கேரள எல்லையூர் வேலந்தாவளம். பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் மாதம் நுழையும் காற்று தென்னையையே வளைக்கும். இந்த வட்டாரத்தில் அமெச்சூர் ரேடியோ ஆன்டெனாவை உயர்த்துபவர் மே முடிவதற்குள் டவரில் ஏறியாக வேண்டும்.

தளர்ந்த ஸ்டே கம்பியும் துருவேறிய போல்ட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏமாற்றுவது கேபிள்தான். இணைப்பில் கசியும் மழைநீர் உறைக்குள்ளேயே செம்புப் பின்னலைக் கறுக்கவைக்கும். மேலே பளபளப்பு குறையாது, சிக்னல் மட்டும் வழியிலேயே கரையும். ஆன்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டரில் பிரேக் தேய்ந்தாலோ, திசையைக் காற்றே முடிவு செய்யும்.

வெட்டிச் செலவு என்று வீட்டில் முணுமுணுப்பு எழலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் அடங்கியபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத்தின் குரல் வெளியே வந்தது ஹாம் ரேடியோவில்.