கட்டி முடியாத மாளிகை

இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு மேற்கே சில மைல் தொலைவில் கர்பி மக்ஸ்லோ என்று ஒரு கிராமம். அங்கே, நீர் நிறைந்த அகழியின் நடுவே, செங்கல்லாலான ஒரு வாயில் மண்டபமும், மூலையில் ஒரு கோபுரமும் நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் புல்தரை. அதனிடையே அஸ்திவாரச் சுவடுகள். 'பகைவர்கள் இடித்த கோட்டை போலும்!' என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் இது கட்டி முடிக்கவே கொடுத்து வைக்காத மாளிகை!

நான்காம் எட்வர்டு மன்னனின் உயிர்த் தோழர் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் பிரபு. செல்வமும் செல்வாக்கும் உச்சத்திலிருந்த 1480-ஆம் ஆண்டில் அவர் இந்த மாளிகையைத் தொடங்கினார். ஜான் கூப்பர் என்ற கொத்தனார் தலைமையில் வேலை மும்முரமாக நடந்தது. கருநிறச் செங்கற்களைச் சுவரில் பதித்து, பிரபுவின் பெயரின் முதல் எழுத்துக்களையும், குலச் சின்னமான சட்டைக் கையின் உருவத்தையும் அமைத்தார்கள். எதிரி வந்தால் சுடுவதற்குச் சுவரில் வட்டத் துவாரங்களும் வைத்தார்கள்.

ஆனால் ஆபத்து அகழியைத் தாண்டி வரவில்லை. 1483 ஏப்ரலில் மன்னன் இறந்தான். பட்டத்துக்குரிய மகனுக்கு வயது பன்னிரண்டு. சிற்றப்பன் ரிச்சர்டு, பாதுகாவலன் என்ற பெயரில் அதிகாரத்தைக் கைப்பற்றினான். ஜூன் மாதம் லண்டன் டவரில் ஆலோசனைக்கு வந்து அமர்ந்த ஹேஸ்டிங்ஸைத் துரோகி என்று பிடித்தார்கள். விசாரணை என்று ஒன்று இல்லாமலே சிரச்சேதம் நடந்தது. ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது.

கணவரை இழந்த காதரின் சீமாட்டி என்ன செய்தாள் தெரியுமா? நின்று போன வேலையை மறுபடி தொடங்கினாள்! கட்டடக் கணக்கு ஏடுகள் இன்றும் இருக்கின்றன. ஆட்கள் குறைவு, வேலையும் குறைவு. ஆயினும் 1484 வரை கூலி எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிறகு ஏடும் மௌனம், கரண்டியும் மௌனம்.

ஹேஸ்டிங்ஸ் விண்ட்ஸர் தேவாலயத்தில், தம் தோழன் எட்வர்டின் அருகிலேயே அடக்கமானார். அரியணை ஏறிய ரிச்சர்டோ 1485-இல் பாஸ்வொர்த் போரில் மாண்டான். அவனுடைய எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரில், மோட்டார்கள் நிறுத்துமிடத்தின் அடியில் அகப்பட்டன. அங்கிருந்து சில மைல் தூரத்தில்தான், அவன் தலை வாங்கிய மனிதரின் பெயர் எழுத்துக்களைத் தாங்கி அந்தச் செங்கற் சுவர் இன்னும் நிற்கிறது.