இயந்திரத்துக்கும் ஒரு பெரட்டு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நாட்பொழுது பெரட்டுக் களத்திலேதான் தொடங்குகின்றது. இன்னார் இன்ன வேலைக்கு, இன்ன மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்து விடுகின்றார். மழையால் இறப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையெனில் பால் சேகரிப்பும் இல்லை. பாலை உறையவைத்துத் தகடாக்கும் வேலையும் இல்லை. ஒன்றன் முடிவு மற்றொன்றின் தொடக்கத்தை நிர்ணயிக்கின்றது. இதனை அறிந்த நேயர்களுக்குப் பெருங் கணிப்பொறிகளின் வேலைக் கட்டுப்பாட்டு மொழியை விளங்கிக்கொள்வது கடினமன்று.

ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டில் 'சிஸ்டம் 360' என்னும் கணிப்பொறி வரிசையை அறிவித்தது. அத்தகைய விலையுயர்ந்த இயந்திரம் ஒரு நிமிடமும் வாளாவிருத்தல் ஆகாது. ஆதலின் பலருடைய வேலைகளையும் துளையிட்ட அட்டைகளிற் பதித்து, தொகுதியாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தினர். அவற்றை நெறிப்படுத்த எழுந்ததே ஜே.சி.எல். எனப்படும் மொழி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370 வகைக் கணிப்பொறி நிறுவப்பட்டபோது, அங்கு பயின்ற மாணவரும் இவ்வாறே அட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தனர்.

இம்மொழி கூட்டலோ கழித்தலோ செய்வதில்லை. அது செய்நிரலின் பணி. இம்மொழி மூன்று செய்திகளையே பெரிதும் கூறுகின்றது. 'ஜாப்' என்னும் கூற்று, வேலை யாருடையது என்பதைச் சொல்லும். 'எக்ஸெக்', எந்தச் செய்நிரலை ஓட்டுவது என்பதைச் சொல்லும். 'டிடி', எந்த ஏட்டிலிருந்து படித்து எந்த ஏட்டில் எழுதுவது என்பதைச் சொல்லும். ஆகவே, ஒரே சம்பளச் செய்நிரலை மாதந்தோறும் பயன்படுத்தலாம். ஏட்டின் பெயரை மட்டும் மாற்றினாற் போதும்.

ஒவ்வொரு படியும் முடிந்தவுடன் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். வழக்கமாக 0 என்றால் வெற்றி, 4 என்றால் எச்சரிக்கை, 8உம் அதற்கு மேலும் என்றால் பிழை. அதனைப் பார்த்தே அடுத்த படி நடைபெறும் அல்லது தவிர்க்கப்படும். இங்குதான் ஓர் இடர்ப்பாடு. 'கான்ட்' என்னும் நிபந்தனை, படியை எப்போது செய்வது என்று கூறாமல், எப்போது செய்யாது விடுவது என்று கூறுகின்றது. பழகியவரும் இதில் இடறுவதுண்டு. 'இது நிகழ்ந்தால் அதைச் செய்' என்னும் நேரான வடிவம் பின்னரே சேர்க்கப்பட்டது. இயக்கமுறைமையை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ் அவர்களே இம்மொழியைப் பிற்காலத்திற் கடுமையாகக் குறைகூறினார். சில கட்டுப்பாட்டு அட்டைகள்தானே என்று எண்ணி, அதனை ஒரு மொழியாகவே கருதாது விட்டமையே பிழைக்குக் காரணம் என்பது அவர் கருத்து.

துளையட்டைகள் மறைந்துவிட்டன. ஆயினும் அட்டையின் 80 பத்திகளும், வரித்தொடக்கத்தின் இரு சாய்கோடுகளும் இன்றும் நிலைத்துள்ளன. பெருங் கணிப்பொறிகளையுடைய வங்கிகளின் இரவுநேரக் கணக்குகள் இன்றும் இம்மொழியின் ஆணைப்படி ஓடுகின்றன.

பெரட்டுக் களத்தில் ஆணை தவறினால், "ஐயா, அந்த மலையில் நேற்றே கொழுந்து எடுத்தாயிற்றே" என்று ஒரு பெண் சொல்லித் திருத்திவிடுவாள். இயந்திரம் அவ்வாறு சொல்லாது. இம்மாத ஏட்டுக்குப் பதிலாகச் சென்ற மாத ஏட்டின் பெயரை எழுதிவிட்டால், அதனையே படித்துப் பிழையறக் கூட்டிவிடும். அப்போது ஒருவருடைய முழுப் பேர் அரைப் பேராகலாம். கணக்குச் சரியாயிருந்தும் கூலி குறைந்துவிடும். ஆதலின் கூட்டலைச் சரிபார்ப்பவர், ஆணை எழுதிய வரியையும் சரிபார்த்தல் வேண்டும்.