ஓதிப் பார்த்தால் மட்டும் போதுமா?

நாமக்கல் விடுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை லீவில் வந்து யாரிடமும் பேசாமல் இருந்தால், "ஈமான் குறைந்துவிட்டது, ஓதிப் பார்ப்போம்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறார்கள். கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ அப்படிச் சொல்லவில்லை. உடல்நலம், மனநலம் இரண்டையும் பற்றி அவர் அரபியில் எழுதிய நூலின் மனநலப் பகுதி, சூடான் உளவியலாளர் மாலிக் பத்ரியின் மொழிபெயர்ப்பில் 2013இல் ஆங்கிலத்தில் வந்தது. முஸ்லிம் மனநல ஆலோசகர்கள் விரும்பிப் படிக்கும் நூல் இது. காரணம் தெரிந்த கவலைக்கு ஆறுதலான பேச்சும் எண்ணத்தைச் சீராக்குவதும் மருந்து என்கிறார் பல்கீ. காரணமே தெரியாத கவலை உடலிலிருந்து வருவது. அதற்கு உடலுக்கான வைத்தியமே வேண்டும் என்கிறார். ஓதுவதை நாம் தடுக்கவில்லை. துஆ செய்யுங்கள், சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் பதற்றம் என்றாலும் 14416 எண்ணில் டெலி மானஸ் சேவையை அழைக்கலாம், கட்டணமில்லை.