உங்களுக்குத் தெரியுமா? ‘பெருங்களத்தூர்’ பிரியும் விதம்

தாம்பரத்துக்குத் தெற்கே அடுத்த ரயில் நிலையமான பெருங்களத்தூரின் பெயர், பெருமை, களம், அத்து, ஊர் என்னும் நான்கு உறுப்புகள் புணர்ந்து உருவானது. ‘பெருமை’ என்னும் பண்புப்பெயர் ‘மை’ விகுதியை இழந்து, வருமொழியின் ககரத்துக்கு இனமான ஙகர மெய்யைப் பெற்றுப் ‘பெருங்’ என நிற்க, ‘களம்’ தன் மகர ஈற்றை விட்டு, சொற்களை இணைக்கும் ‘அத்து’ச் சாரியையை ஏற்று ‘ஊர்’ என்பதோடு சேர்கிறது. ஆயினும் பொருள்வழிப் பிரிப்பும் ஒலிவழிப் பிரிப்பும் ஒன்றல்ல. சொல்லை ஒலி அலகுகளாகப் பகுக்கும் அசைமுறைப்படி இப்பெயர் ‘பெருங்/களத்/தூர்’ எனப் பிரிந்து, நிரை நிரை நேர் என அமைவதால், யாப்பிலக்கணத்தில் ‘கருவிளங்காய்’ எனப்படும் சீராகும்.